முடிச்சுக் கயிறு

புதுச்சேரி
12 ஜூலை 1937

வேளாங்கண்ணி அவர்களுக்கு,

ஆனந்தமேரி எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. நேற்று நடந்ததற்குப் பிறகு அந்த முறை என் பேனாவில் வர மறுக்கிறது.

காலைப் பூசை முடிந்து வெளியே வந்ததும் தெரேஸ் என் கையை உதறிவிட்டு ஓடினாள். கூட்டத்துக்குள் உங்கள் சேலையைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டு, "அம்மா, நம்ம வூட்டுக்குப் போலாம்மா" என்று அழுதாள். நான் வந்து பிரித்தேன். அவள் என் கையைக் கடித்தாள். அப்போது பக்கத்தில் நின்ற ஒருத்தி கேட்டாள்: "ஏம்மா, பெத்தவகிட்டேயிருந்து புள்ளய இப்படியா இழுப்பாங்க?"

பெற்றவள் நான். அதை அந்த அம்மாளுக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டீர்கள். குனிந்த முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்ததை நான் பார்த்தேன். இல்லை என்று சொல்லாதீர்கள்.

ஆண்டவர் வருகைக்காக நாம் கூடி வாழ்ந்த விழிப்பு வீட்டில் பிள்ளை மாற்று நடந்த அன்று, நாற்பது நாள் சிசுவைப் பாயில் கிடத்திவிட்டு உங்கள் மகனைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள் நான். என் மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தவர் நீங்கள். வீட்டை நடத்திய மூத்தவர் சொன்னார், செய்தோம். வீட்டின் கிழக்குக் கட்டு உங்களுக்கு, மேற்குக் கட்டு எனக்கு என்று மூன்று வருஷம். இப்போது அந்த வீடும் இல்லை, அந்த விதியும் இல்லை. என் மகள் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டாள். இனி எங்கள் கோவிலுக்கு, எங்கள் தெருப் பக்கத்துக்கு வராதீர்கள். உங்கள் பக்கத்திலும் பூசை நடக்கிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. விளக்கு வைக்கும் நேரமானால் அவள் தொடங்கிவிடுகிறாள். படுத்தால் விரலால் பாயைச் சுரண்டுகிறாள். பால், கதை, பாட்டு எதுவும் எடுபடவில்லை. அழுது களைத்துத்தான் கண் மூடுகிறாள். அங்கே அவளை எப்படித் தூங்க வைத்தீர்கள்? ஒரு வரி எழுதினால் போதும். எங்களுக்கு மீன் கொண்டுவரும் செல்வாம்பாள் உங்கள் கரையிலிருந்துதான் வருகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புங்கள்.

ஆனந்தமேரி சூசைநாதன்


தேங்காய்த்திட்டு
15 ஜூலை

மேரியம்மாவுக்கு,

வேளாங்கண்ணி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், என் வீட்டுக்காரர் அந்தோணி இருவரும் சுகம். அவ்விடம் என் தெரேஸ் சுகமா? உங்களுக்கு முறை வராவிட்டாலும் எனக்கு வருகிறது.

ஒரு வரி போதும் என்கிறீர்கள். நான் ஐந்தாவது படித்தவள். மூன்று வருஷத்தை ஒரு வரியில் அடக்க எனக்குக் கை வராது. உங்களுக்கு வரும். பிள்ளை மாற்று எதற்கு என்று மூத்தவர் கோணல்மாணலாகச் சொன்னதை அழகான தமிழில் எழுதி, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தது நீங்கள்தானே. நாங்கள் எல்லாரும் தரையில். "என் பிள்ளை என்று சொல்லும் நாக்கு ஆண்டவர் பெயரைச் சொல்லத் தகுதி இழக்கிறது." எனக்கு இன்னும் மனப்பாடம். அந்த நாக்கால்தான் இப்போது பெற்றவள் நான் என்கிறீர்கள்.

கோவில் வாசலில் நான் சந்தோஷப்பட்டேன். ஆமாம். எனக்கு வேறு என்ன இருக்கிறது சந்தோஷப்பட?

உங்கள் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். என் லூயிஸ் பெயர் அதில் இல்லை. "உங்கள் மகன்" என்று ஒரே ஒரு இடம். மாசி மாதம் என் பிள்ளை ஜுரத்தில் செத்தான். எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொன்னார்கள், அடக்கம் எல்லாம் ஆன பிறகு. எங்கே என்று கேட்டேன். "எல்லா மண்ணும் ஒரே மண்ணு, மகளே. எடம் கேட்டா சொந்தம் திரும்பி வந்துரும்" என்றார் மூத்தவர். கூடத்துக்கு அந்தப் பக்கம் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் கண் வீங்கியிருந்தது. எனக்கு அழத் தோன்றவில்லை. இவள் யார் என் பிள்ளைக்கு இப்படி அழ என்றுதான் தோன்றியது.

அவனைப் புதைத்த இடம் உங்களுக்குத் தெரியும். அவன் என்ன பேசினான், எதற்குச் சிரித்தான் என்பதும் தெரியும். எழுதுங்கள். தெரேஸ் எப்படித் தூங்குவாள் என்று நானும் எழுதுகிறேன்.

வேளாங்கண்ணி


புதுச்சேரி
20 ஜூலை

வேளாங்கண்ணி அவர்களுக்கு,

பேரம் பேசுகிறீர்கள். உங்கள் கரையில் கூடையை வைத்துக்கொண்டு ஏலம் கூவுகிற மாதிரி இருக்கிறது உங்கள் கடிதம். நடுவில் இருப்பது ஒரு குழந்தை.

அவள் மெலிந்துபோயிருக்கிறாள். பிரெஞ்சு டாக்டர் முசியே நெஞ்சு, வயிறு எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாமல் ஒரு குழந்தை ஏன் சோற்றைக் கண்டால் வாயை மூடிக்கொள்ளும்? திரிபுனால் கோர்ட்டில் எழுத்தர் வேலை பார்த்துவிட்டு வந்து என் கணவர் சொல்கிறார், "போகப் போக மறந்துருவா." அவர்தான் என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனவர். இப்போது அதன் பெயரை எடுத்தாலே எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். ஆண்களுக்கு ஞாயிறு ஒரு நாள்தானே அங்கே வேலை. அவர்களுக்கு மறப்பது சுலபம்.

நாற்காலியைப் பற்றி எழுதினீர்கள். அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பி.ஏ. முடித்துவிட்டுக் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தேன். குழம்புக்கு உப்பு போதுமா என்பதைத் தவிர என் அபிப்பிராயத்தை ஒருவரும் கேட்டதில்லை. முதல் தடவை விழிப்பு வீட்டுக்குப் போன அன்று மூத்தவர் வேதத்தில் ஒரு வரியை வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ என்னா நெனைக்கிற, மகளே?" என்றார். அந்த ஒரு கேள்விக்காக நான் என் தாலியைக் கழற்றிக் கொடுத்தேன். அந்த வீட்டார் கழுத்தில் கட்டும் முடிச்சுக் கயிற்றைக் கட்டிக்கொண்டேன். என் மகளைப் பாயில் போட்டேன். நாற்காலி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் வாசிக்கும்போது அவர் பிழை பிடிக்கக் காத்திருப்பார், நீங்கள் பாடும்போது கண்ணை மூடிக்கொள்வார் என்பதுதான். நீங்கள் பாடி முடித்ததும் அவர் கண்ணைத் திறந்து முதலில் யாரைப் பார்க்கிறார் என்று நான் கவனித்துக்கொண்டே இருப்பேன். உங்களைத்தான் பார்ப்பார்.

வெளியே வந்த அன்றே என் கயிற்றை அடுப்பில் போட்டுவிட்டேன். அந்த வாழ்க்கையில் ஒரு நூல்கூட இந்த வீட்டில் இருக்கக்கூடாது.

லூயிஸைப் பற்றி என்னால் எழுத முடியாது. கேட்காதீர்கள்.

ஆனந்தமேரி


தேங்காய்த்திட்டு
19 ஆகஸ்ட்

மேரியம்மா,

எங்கள் கரையில்கூட மீனைக் காட்டிவிட்டுத்தான் விலை கேட்போம். மூடிய கூடையை யாரும் ஏலம் எடுக்க மாட்டார்கள். உங்கள் கூடை மூடியே இருக்கிறது. உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று இந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

மாதா திருநாள் முடிந்ததும் நான் ரெட்டியார்பாளையம் போனேன். விழிப்பு வீட்டு வாசற்கதவு ஒரு கீலில் தொங்குகிறது. உள்ளே வரும்போது எவ்வளவு பூட்டு, எவ்வளவு கேள்வி! இப்போது ஆடு போய் வருகிறது. கூடத்துப் பாயைக் கறையான் தின்றுவிட்டது. மணியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூத்தவர் கிணற்றடியில் தானே வேட்டி கசக்கிக்கொண்டிருந்தார். சைகோனில் வேலை பார்த்த காலத்து பெனியன், முதுகில் கிழிந்திருந்தது. என்னைப் பார்த்து, "பாட வந்தியா, மகளே?" என்றார். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இந்த மனுஷன் சொல்லியா நான் என் பிள்ளையைக் கொடுத்தேன் என்று வெட்கமாக இருந்தது.

ஈஸ்டர் விடியலில் ஆண்டவர் வருவார் என்று எல்லாக் கதவையும் திறந்து வைத்துக் காத்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கிழக்கே வெளுத்தது. கேட் சத்தம் கேட்டது. எல்லாரும் முழங்காலில் விழுந்தோம். வந்தது பால்காரன். "எல்லாரும் என்னாங்க இப்படி விழுந்து கிடக்குறீங்க?" என்று கேட்டான். அப்போது யாராவது சிரித்திருந்தால் தப்பித்திருப்போம். மூத்தவர் எழுந்து, "உங்கள்ல ஒருத்தி மனசுல இன்னும் சொந்தம் இருக்கு, அதான் அவர் வரல" என்றார். அந்த ஒருத்தி யார் என்று ஒருத்தியை ஒருத்தி பார்க்க ஆரம்பித்தோம். வீடு உடைந்தது அன்றைக்குத்தான். பால்காரனால் இல்லை.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நிலத்தை உழுகிற பாவாடை தோட்டத்தில் இருந்தார். மூத்தவருடைய தங்கை மகன் நிலத்தை வாங்கிக்கொண்டுவிட்டாராம். மழை நின்றதும் முந்திரியை வெட்டிச் சாய்த்துவிட்டு மல்லாட்டைக் கடலை போடப் போகிறார்களாம். என் பிள்ளையை இங்கே எங்கேயோ புதைத்திருக்கிறார்கள் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்குத் தெரியாதும்மா. ஆனா டவுன்லேர்ந்து மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா வெள்ளிக்கிழமையில வருவாங்க. கையில பூ இருக்கும். தோப்புக்குள்ள போனா ரொம்ப நேரம் வர மாட்டாங்க. எந்த மரத்தடின்னு நான் பாக்கல" என்றார்.

நீங்கள் போகிறீர்கள். பூ எடுத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், என் பிள்ளையிடம் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறீர்கள். என்னைக் கோவில் வாசலுக்கு வராதே என்று எழுதிவிட்டு!

உங்களுக்கு ஒன்று தெரியாது. லூயிஸுக்கு முன்னால் எனக்கு இரண்டு பிள்ளை பிறந்து தங்கவில்லை. அவன் வயிற்றில் இருந்தபோது மூத்தவர் சொன்னார், "உன் கையில தங்காதது இன்னொருத்தி கையில தங்கும்." அதை நம்பித்தான் அவனைப் பாயில் வைத்தேன். எடுக்கப் போகிறவள் படித்தவள், நல்லபடி வளர்ப்பாள் என்று நினைத்தேன். அவனை எடுக்கும்போது அவன் தலைக்கு அடியில் கை கொடுத்தீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

கல்லறைத் திருநாளுக்குள் எனக்கு இடம் தெரிய வேண்டும். ஊரே மெழுகுவர்த்தி கொளுத்தும்போது நான் யார் கல்லறையில் நிற்பேன்?

வேளாங்கண்ணி


புதுச்சேரி
23 ஆகஸ்ட்

ஆம், போகிறேன். மறைக்கப்போவதில்லை.

தெரேஸ் என் வீட்டில் இருக்கிறாள். என் பாயில் படுக்கிறாள். நான் தைத்த கவுனைப் போட்டிருக்கிறாள். அம்மா என்று கூப்பிடச் சொன்னால் வாசற்கதவைப் பார்க்கிறாள். அந்தச் சொல் உங்களிடம் இருக்கிறது. நான் அவளைக் குளிப்பாட்டும்போதெல்லாம் உங்கள் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற வேலைக்காரி போல உணருகிறேன். நேற்று அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டேன். "அம்மா இப்படிச் செய்யாது" என்றாள்.

என்னை அம்மா என்று கூப்பிட்டவன் ஒருவன்தான். வேறு யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை அவன். அவன் அந்தத் தோப்பில் இருக்கிறான். உங்களுக்கு உயிரோடு ஒருத்தி இருக்கிறாள். எனக்கு மண்ணுக்குள் ஒருவன். அவனையும் கொடு என்கிறீர்கள்.

காலேஜ் படித்தவள் பேசுகிற பேச்சா இது என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆ.


தேங்காய்த்திட்டு
4 அக்டோபர்

மேரியம்மாவுக்கு,

உங்கள் கடைசிக் கடுதாசிக்குப் பதில் எழுதக்கூடாது என்று இருந்தேன். எழுதவும் இல்லை. இன்று காலை செல்வாம்பாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் புள்ளய நேத்து பாத்தேன், வேளாங்கண்ணி. கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. மீனு கண்ணாட்டம் முழிக்குது. நீங்க ரெண்டு பேரும் கடுதாசி எழுதி எழுதி என் கூடையில கெளுத்திக்கு எடம் இல்ல, ஒரு கடுதாசியிலயாவது அந்தப் புள்ளைக்குச் சோறு இருக்கா?"

அதற்கு மேல் எனக்கு என்ன ரோஷம்?

இத்துடன் இருக்கும் பொட்டலத்தைப் பிரியுங்கள். என் முடிச்சுக் கயிறு. நீங்கள் உங்களுடையதை எரித்தீர்கள். நான் வெளியே வந்தும் கழற்றவில்லை. எங்கள் தெருவில் எல்லாரும் என்னை இன்னும் அந்தக் கூட்டம் என்று நினைத்தார்கள். அந்தோணியும் அப்படித்தான் நினைத்துச் சண்டை போட்டார். விஷயம் அது இல்லை.

தெரேஸ் சின்னதாக இருக்கும்போதே பால் குடித்துக்கொண்டு இந்த முடிச்சுகளை விரலால் உருட்டுவாள். ஒன்று விட்டு ஒன்று போய்க்கொண்டே இருப்பாள். கடைசி முடிச்சுக்குப் போவதற்குள் தூங்கிவிடுவாள். பாயைச் சுரண்டுகிறாள் என்று எழுதினீர்களே, இதைத்தான் தேடுகிறாள். கையில் கொடுத்தால் ஏமாற மாட்டாள். கழுத்தில் இருக்க வேண்டும். நீங்கள் கட்டிக்கொள்ள வேண்டும்.

கட்டிக்கொள்ள உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்குத் தெரியும். துவைக்காமல் கட்டுங்கள். துவைத்தால் என் வாசனை போய்விடும், அவள் வாங்க மாட்டாள்.

சோற்றுக்கு: பிசைந்து உருட்டி வாழையிலைத் துண்டில் வையுங்கள், தட்டில் வேண்டாம். முதல் உருண்டையை நீங்கள் சாப்பிட்டுக் காட்டுங்கள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. இதைக் கடன் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கழுத்து வெறிச்சென்று இருக்கிறது.

வேளாங்கண்ணி


புதுச்சேரி
17 அக்டோபர்

அன்புள்ள அக்கா,

இந்தச் சொல்லை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைக் கீழே வைத்திருந்தேன். அந்த வீட்டில் எல்லாரும் சகோதரி. யாரும் அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. உன்னை அக்கா என்று கூப்பிட இன்றுவரை யாரும் என்னை அனுமதிக்கவில்லை. நீ என்று எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பொட்டலம் வந்த அன்று அதைச் சமையலறை மாடத்தில் வைத்துவிட்டேன். உன் வேர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை. வீடு முழுவதும் வருவது போலப் பட்டது எனக்கு. அதை என் கழுத்தில் கட்டுவதைவிட அவள் அழுதுகொண்டே தூங்கட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததை எழுதிவிட்டேன். ஒரு தாய் நினைக்கக்கூடாதது.

பிறகு விளக்கு வைத்தோம். அவள் தொடங்கினாள். நான் சங்கிலியைக் கழற்றினேன், கயிற்றைக் கட்டினேன். என் கணவர் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. "மறுபடியுமா, ஆனந்தம்?" என்றார். "உங்களுக்கு விளக்கிச் சொல்ல இப்போ நேரமில்ல, விலகுங்க" என்றேன். கல்யாணமாகி முதல் தடவை அவரிடம் அப்படிப் பேசினேன்.

தெரேஸைப் பக்கத்தில் போட்டேன். அவள் கை வந்தது. ஒரு முடிச்சைத் தொட்டது. அழுகை நடுவில் நின்றது. என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள், நீ இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கயிற்றை விடவில்லை. உருட்டிக்கொண்டே போனாள். கடைசி முடிச்சுக்கு முன்னால் விரல் தளர்ந்தது.

நான் அசையாமல் கிடந்தேன். உன் வாசனைக்குள் ஒளிந்துகொண்டு என் மகளைத் திருடின மாதிரி இருந்தது. இருந்தாலும் தூங்கினாள், அக்கா. மறுநாள் இலைத்துண்டில் நான்கு உருண்டை சாப்பிட்டாள்.

நீ கடன் இல்லை என்று எழுதினாய். அதனால்தான் கொடுக்கத் தோன்றுகிறது. நான் ஒளித்து வைத்திருந்ததையெல்லாம் தருகிறேன். குறைத்துத் தரமாட்டேன், கூட்டியும் தரமாட்டேன்.

லூயிஸ் ஆட்டைக் கண்டால் பயப்படுவான், மாட்டைக் கண்டால் பயப்பட மாட்டான். புளியங்கொழுந்தைப் பறித்துத் தின்று முகத்தைச் சுளித்து, மறுபடி பறிப்பான். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தால் தூக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம் அவனுக்கு. உடனே என் காதைப் பிடித்துக்கொண்டு படுப்பான். கிழக்குக் கட்டுப் பக்கமிருந்து பாட்டுச் சத்தம் வந்தால் விளையாட்டை விட்டுவிட்டு ஜன்னலடியில் போய் நிற்பான். பாடுவது நீதான் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. நான் ஜன்னலைச் சாத்துவேன்.

அவனுக்கு இடது கைப் பழக்கம். நீ இடது கையால் கோலெடுத்துப் பாட்டுக்குத் தாளம் போடுவதை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறேன். அவன் இடது கையால் கரிக்கட்டியை எடுத்துச் சுவரில் கிறுக்கிய அன்று எனக்கு வந்த கோபம்! நான் பால் கொடுக்கிறேன், நான் பேசக் கற்றுக்கொடுக்கிறேன், உன் கை எப்படி அவனிடம் வந்தது? அவனை வலது கைக்குப் பழக்கச் சொன்னார்கள், அந்த இடது கையைத் துணி சுற்றிக் கட்டச் சொன்னார்கள். நான் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று எனக்கே தெரியாது.

இனி மற்றது. ஜுரம் ஏறியதும் டாக்டரிடம் போகக் கேட்டேன். எண்ணெய் பூசி ஜெபித்தால் போதும் என்றார் மூத்தவர். நண்பகலில் எல்லாரும் ஜெபத்தில் இருந்தபோது வேலிச் சந்து வழியாக அவனைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் ரோட்டுக்கு வந்தேன். விறகு வண்டி ஒன்று டவுன் பக்கம் வந்தது. வண்டிக்காரன் விறகைத் தள்ளி இடம் கொடுத்தான். வெயில் படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். டவுன் வருவதற்கு முன்பே போய்விட்டான். "புள்ள தூங்கிருச்சாம்மா?" என்று வண்டிக்காரன் கேட்டான். ஆமாம் என்றேன். வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

கடைசியாக அம்மா என்றான். என் காதைப் பிடித்துக்கொண்டு சொன்னான். உன்னைக் கூப்பிட்டான் என்று எழுத எவ்வளவு நேரம் யோசித்தேன் தெரியுமா? எழுதினால் நீ நம்பமாட்டாய். நம்பினாலும் அது உன்னிடம் பொய்யாகத்தான் இருக்கும். என்னைத்தான் கூப்பிட்டான். அதை மட்டும் என்னால் உனக்குக் கொடுக்க முடியாது.

கிணற்றுக்குத் தெற்கே, அடியிலேயே இரண்டாகப் பிரிந்த முந்திரிமரம். ஒரு கிளை தரையைத் தொட்டுப் படுத்திருக்கும். அந்தக் கிளைக்கு உள்ளே, உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்று நட்டிருக்கிறேன். அங்கேதான். கூலிக்கு வந்த ஆட்கள் குழி வெட்டினார்கள். இறக்கியது நான். என் காலேஜ் நாள் நீலச் சேலையில் சுற்றியிருக்கிறேன்.

கல்லறைத் திருநாளன்று காலையில் நான் தெரேஸோடு அந்த வீட்டுக் கேட் அருகே இருப்பேன். நீ வா. தனியாகப் போக வேண்டும் என்றால் சொல், நான் வரவில்லை. அப்படிச் சொல்லாதே.

ஆனந்தம்


தேங்காய்த்திட்டு
20 அக்டோபர்

ஆனந்தம்,

வருகிறேன். அந்தோணியும் வருகிறார். சவுக்குக் கட்டையில் சிலுவை செதுக்கிக்கொண்டிருக்கிறார்.

இடது கை என்று படித்த இடத்தில் கடுதாசியை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தோணிக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து கரைக்குப் போய்விட்டார்.

விறகு வண்டியில் ஏற்றினாய். நீ ஒன்றும் செய்யவில்லை என்று எட்டு மாதமாக உன்னை வைதுகொண்டிருந்தேன். அதை இனி எடுத்துவிடுகிறேன். மற்றபடி உன்மேல் எரிச்சல் போய்விட்டது என்று நினைக்காதே. ஜன்னலை ஏன் சாத்தினாய்?

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வா. மரத்தைச் சரியாகக் காட்ட வேண்டும்.

வேளாங்கண்ணி


புதுச்சேரி
9 நவம்பர்

அன்புள்ள அக்கா,

நீயும் நானும் நேரில் பேசியதைவிடக் கடிதத்தில்தான் அதிகம் பேசியிருக்கிறோம். அன்றைக்கு முந்திரித் தோப்பில் ஒன்றுமே பேச வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தோணி அண்ணன் சிலுவையை நட்டபோது பெயர் எழுத என்னைக் கூப்பிட்டீர்களே. கீழே இன்னாருடைய மகன் என்று எழுதச் சொல்வீர்கள், உன் பெயரை என் கையால் எழுத வேண்டியிருக்கும் என்று பயந்தேன். நீ "லூயிஸ்னு மட்டும் போடு" என்றாய். ஒற்றைச் சொல்லில் என்னைத் தப்பவிட்டாய். பாவாடை உழும்போது அந்த மரத்தைச் சுற்றி விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறார். மழை விட்டதும் நான் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். இல்லை, சேர்ந்தே போவோம்.

மூத்தவர் வந்து நின்றார். அவ்வளவு வருஷப் பழக்கம், கை தானாகக் கும்பிடப் போனது. "சொந்தம் கொண்டாட வந்துட்டீங்களா?" என்று அதே குரலில் கேட்டார். நீ மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாய்: "ஆமாங்க. ஈஸ்டர் அன்னிக்கு ஒருத்தின்னு சொன்னீங்க. கணக்குத் தப்பு. ரெண்டு பேர்." அவர் திரும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் எழுதி வாசித்த எந்த வாசகமும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தெரேஸ் உன் மடியில் உட்கார்ந்திருந்தபோது நீ அவள் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினாய். நான் காலையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பின்னியது. நீ பேசிக்கொண்டே, கை போன போக்கில் செய்தாய். எனக்குத் தெரியும், பழக்கம். அவள் வீட்டுக்கு வந்தும் அந்தப் பின்னலை அவிழ்க்க விடவில்லை, இரண்டு நாள் அதோடு படுத்தாள்.

இரவில் கயிற்றைப் பிடித்துத்தான் தூங்குகிறாள். உன் வாசனை இப்போது குறைந்துவிட்டது. என் பவுடர் வாசனை ஏறியிருக்கிறது. அவளுக்கு அது தெரிகிறது, முகர்ந்து பார்த்துவிட்டு முடிச்சைப் பிடிக்கிறாள். முந்தாநாள் தூக்கத்தில் அம்மா என்றாள். எந்த அம்மா என்று எழுப்பிக் கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. விழித்திருக்கும்போது என்னை "கண்ணாடியம்மா" என்கிறாள். உன்னை வெறும் அம்மா. செல்வாம்பாள் இதைக் கேட்டுவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாள்.

பரவாயில்லை என்று எழுதலாம். எழுதினால் பொய்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எங்கள் கோவிலுக்கே வா. வாசலில் நிற்காதே, எங்கள் பெஞ்சில் வந்து உட்கார். அவளை நடுவில் உட்கார வைப்போம். முதல் வரிசை அம்மாக்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். பாட்டு வரும்போது நீ வாயை மூடிக்கொண்டு இருக்காதே. நீ பாடுவதை இத்தனை நாள் நான் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்டிருக்கிறேன்.

தலை மட்டும் நான் பின்னி வைத்திருப்பேன். கோணலாக இருந்தாலும் தொடாதே.

ஆனந்தம்